எக்ஸ்ட்ரா லைட்டும் எதிரே வருபவரும்

போன வெள்ளிக்கிழமை காலை, மனாமாவில் நான் இன்னும் காபி கூட குடிக்கவில்லை. ஊரிலிருந்து போன். அண்ணன் பையன்.

"சித்தப்பா, அடுத்த மாசம் லீவுல வர்றீங்கல்ல? வரும்போது புல்லட்டுக்கு ரெண்டு எக்ஸ்ட்ரா லைட்டு வாங்கிட்டு வாங்க. அங்க சல்லிசா கிடைக்குமாம். நல்லா பவர்ஃபுல்லா."

"எதுக்குப்பா?"

"ராத்திரி பள்ளிப்பட்டுல இருந்து திரும்பும்போது ஒண்ணுமே தெரியல. கரும்பு ட்ராக்டர் பின்னாடி லைட்டே இல்லாம போவுது."

அவன் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் பாலசமுத்திரம் சித்தூர் மாவட்டத்தில், ஆந்திராவின் ஓரத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், ஸ்கூலில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது. நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். கோடு கிழித்தவர்கள் கிழித்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்களுக்கு இன்றைக்கும் பாதி வேலை கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். அதனால் அந்த இருட்டு ரோடு எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் உடனே "சரி" என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2008-இல் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் வண்டி விளக்கின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்திருப்பவன், எஞ்சினியர் இல்லை. ஆனால் இந்த 2008 விவகாரத்துக்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு விஷயம். ஆரம்பத்தில் வண்டி விளக்கு என்பது ரோட்டைப் பார்ப்பதற்காக வந்ததே இல்லை. "நான் வருகிறேன், ஒதுங்கு" என்று மற்றவர்களுக்குச் சொல்லத்தான். பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் என்பவர் 1880 வாக்கில் சைக்கிளுக்கு ஒரு எண்ணெய் விளக்கு செய்து விற்றார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கிங் ஆஃப் த ரோட்'. பெயர்தான் ராஜா, வெளிச்சம் என்னவோ நம்ம வீட்டு லாந்தர் அளவுதான் :-)

அடுத்து வந்தது கார்பைடு. 1892-இல் தாமஸ் வில்சன் என்ற கனடாக்காரர் கால்சியம் கார்பைடை மலிவாகத் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வரும், பற்றவைத்தால் வெள்ளை வெளேர் என்று எரியும். மாங்காய்க்காரர்கள் பழுக்க வைக்கப் போடுவார்களே (அது தடை செய்யப்பட்டது என்பது வேறு விஷயம்), அதே கல்தான். முதல் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இந்த விளக்கோடுதான் ஓடின. மேடு பள்ளத்தில் குலுங்கினால் வெளிச்சமும் கூடிக் குறையும்.

1914-இல் அமெரிக்காவின் 'இண்டியன்' கம்பெனி (நம்ம நாட்டுக்கும் அதற்கும் பெயரைத் தவிர சம்பந்தம் இல்லை) 'ஹெண்டீ ஸ்பெஷல்' என்று ஒரு வண்டி விட்டது. எலக்ட்ரிக் ஸ்டார்ட், எலக்ட்ரிக் லைட். காலத்துக்கு முந்திய வண்டி, பேட்டரி தாங்கவில்லை, தோற்றுப்போனது. 1920-களில் லூகாஸ் கம்பெனி மேக்னெட்டோவையும் டைனமோவையும் ஒன்றாகக் கட்டி 'மேக்டைனோ' என்று விற்ற பிறகுதான் மோட்டார் சைக்கிளில் மின்சார விளக்கு நிலைத்தது. 6 வோல்ட்.

இந்த 6 வோல்ட்தான் நம்ம ஊர் ரோட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை திருவொற்றியூரில். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே 1970 வாக்கில் மூடிவிட்டது. இங்கே புல்லட் நிற்கவில்லை.

என் அப்பா 1983-இல் வாங்கினார். வெல்ல வியாபாரம். வீட்டில் எதற்கெல்லாம் காசு இல்லை என்றாலும் புல்லட்டுக்கு இருந்தது.

புல்லட்டின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரிய ஹெட்லைட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் குட்டியாக இரண்டு விளக்கு. 'புலிக்கண்'. 1954-இல் ராயல் என்ஃபீல்டு கொண்டு வந்த 'காஸ்கெட்' என்ற முகப்போடு வந்தது. எங்கள் ஊரில் அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது எக்ஸ்ட்ரா லைட்டும் இல்லை, அழகுக்கும் இல்லை. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ராத்திரி தெருவில் வண்டியை நிறுத்தினால் விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம். ஹெட்லைட்டை விடிய விடிய எரித்தால் பேட்டரி காலி. அதற்காகத்தான் இந்தச் சின்ன விளக்குகள். அதாவது இதுவும் பார்ப்பதற்கு இல்லை, பார்க்கப்படுவதற்கு.

ஒரு மழை ராத்திரி ஹெட்லைட் பல்பு பீஸ் போய், அப்பா சோளிங்கரிலிருந்து வெறும் புலிக்கண்ணை வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். அம்மா திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "தெரிஞ்ச ரோடுதானேடி" என்றார். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அதுதான் ஹெட்லைட், தெரிந்த ரோடு. நல்ல நாளிலேயே புல்லட் ஹெட்லைட் 30, 35 வாட் மஞ்சள் பல்பு. மெதுவாகப் போனால் அதுவும் மங்கும்.

ஏன் மங்கியது? இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது, பயப்படாதீர்கள். 36 வாட் பல்பு 6 வோல்ட்டில் எரிய 6 ஆம்பியர் கரண்ட் வேண்டும். அதே 36 வாட் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். வயரில் வீணாகும் சக்தி கரண்டின் வர்க்கத்துக்குப் போகும். அதாவது கரண்ட் பாதியானால் நஷ்டம் நாலில் ஒரு பங்கு. பழைய வயர், துருப்பிடித்த சுவிட்ச், பச்சை பூத்த கனெக்ஷன் எல்லாம் வழியிலேயே கமிஷன் அடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பல்புக்குக் கொடுக்கும். கார்களும் பைக்குகளும் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். எங்கள் வண்டியை அண்ணன் 1999-இல் மெட்ராஸ் ஜி.பி. ரோட்டில் சாமான் வாங்கி வந்து 12 வோல்ட்டாக மாற்றினான். 2000-இல் நம்ம திருப்பதி கரகம்பாடியில் இருந்தே அமரான் பேட்டரி வந்துவிட்டது. அதன் பிறகு பேட்டரி என்றால் மெட்ராஸ் போகும் வேலை இல்லை.

பல்பும் மாறியது. ஐரோப்பாவில் 1962-இல் கார் ஹெட்லைட்டுக்கு ஹாலஜன் வந்தது. 1971-இல் ஒரே பல்பில் ஹை பீமும் லோ பீமும் உள்ள எச்-4 வந்தது. 60/55 வாட். நம்ம ஊர் மெக்கானிக் கடையில் இன்றைக்கும் ஓடும் சரக்கு.

இனி 2008.

நான் வளைகுடாவுக்கு வந்த புதிது. முதல் லீவு. அண்ணனுக்கு ஏதாவது உருப்படியாக வாங்கிப்போக வேண்டும் என்று ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஹாலஜன் ஹெட்லைட் ஒன்று, கண்ணாடியும் ரிஃப்ளெக்டருமாக முழு செட், வாங்கினேன். நல்ல கம்பெனி சரக்கு. அண்ணன் ஒரே நாளில் மாட்டிவிட்டான். ராத்திரி ரோடு பகல் மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

நாலாவது நாள் ராத்திரி, அண்ணன் ஓட்ட நான் பின்னால். எதிரே சைக்கிளில் பால் கேனோடு ஒரு பெரியவர். அண்ணன் முறையாக டிம் பண்ணினான், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பெரியவர் ஒரு கையைக் கண்ணுக்கு மேலே தூக்கினார். அடுத்த நொடி சைக்கிளோடு பள்ளத்தில் இருந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினோம். பால் எல்லாம் மண்ணில். அவர் எங்களைத் திட்டவில்லை. "கண்ட்டிகி ஏமீ கனபடலேது நாயனா" என்றார். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லையப்பா. அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார், ஏதோ தப்பு அவருடையது மாதிரி.

கை எலும்பு முறிந்திருந்தது. அண்ணன் அவரைப் புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துப் போனான். கட்டுச் செலவு, பால் காசு எல்லாம் கொடுத்தோம். அந்தக் கை பழையபடி வரவில்லை. அப்புறம் அவர் கேனை ஒரு பக்கம் மட்டும் மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போவார்.

டிம் பண்ணியும் ஏன் கூசியது? எனக்கு விடை கிடைக்க ஒரு வருஷம் ஆனது. 1950-களின் நடுவிலிருந்தே ஐரோப்பிய ஹெட்லைட்டுகளில் லோ பீம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழாது. எதிரே வருபவர் பக்கம் தாழ்வாகவும், ரோட்டு ஓரத்துப் பக்கம் கொஞ்சம் தூக்கலாகவும் விழும். ஓரத்தில் நடப்பவர் தெரியவேண்டும், எதிரே வருபவருக்குக் கூசக்கூடாது. நல்ல யோசனைதான். ஆனால் ஓரம் எந்தப் பக்கம்?

நம்ம ஊரில் இடது பக்கம். பஹ்ரைனும் ஒரு காலத்தில் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டியது. 1967 நவம்பரில் வலது பக்கத்துக்கு மாறிவிட்டது. ஆகவே இங்கே விற்கும் ஹெட்லைட் வலது பக்கம் தூக்கி அடிக்கும். அதை நம்ம ரோட்டுக்குக் கொண்டுபோனால், தூக்கலான வெளிச்சம் நேராக எதிரே வருபவர் கண்ணில். டிம் பண்ணினாலும்.

கண்ணாடியிலேயே அதற்கு அடையாளம் இருந்திருக்கும். விலையை மட்டும் பார்த்து வாங்கியவன் நான். லோன் பேப்பரில் ஒரு கமா விடாமல் படிப்பவன்!

அண்ணனிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நமக்கு ரோடு நல்லாத்தான்டா தெரிஞ்சது" என்றான். அவ்வளவுதான். மறுநாள் கழற்றிவிட்டான்.

இந்த விஷயத்தில் சட்டமும் ஒன்றும் வாயை மூடிக்கொண்டு இல்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்குக் கூசாதபடி வெளிச்சம் கீழே சாய்ந்திருக்க வேண்டும். 1.5 மீட்டர் என்பது கிட்டத்தட்ட சைக்கிளில் உட்கார்ந்திருப்பவர் கண் உயரம். படித்தபோது எனக்கு அந்தப் பெரியவர் கையைத் தூக்கியதுதான் நினைவுக்கு வந்தது. அதே விதிகளில், முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவது பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கூடாது என்றும் இருக்கிறது. எத்தனை பேர் கேட்கிறோம்?

இப்போது எல்இடி காலம். நீல எல்இடி செய்ததற்கு 2014-இல் மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசித்தான் வெள்ளை வருகிறது. குறைந்த கரண்டில் நிறைய வெளிச்சம், விலையும் மலிவு. அதனால் ஆளாளுக்கு இரண்டு, நாலு என்று மாட்டுகிறார்கள். ஹாலஜன் காலத்தில் பாக்கெட்டாவது தடுத்தது. 55 வாட் இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். பழைய வண்டி தாங்காது. பேங்க் பாஷையில் சொன்னால் ஆல்டர்னேட்டர்தான் சம்பளம், பேட்டரி சேமிப்பு, எக்ஸ்ட்ரா லைட் இஎம்ஐ. சம்பளத்தை மிஞ்சி இஎம்ஐ போட்டால் சேமிப்பு கரைந்து ஒருநாள் காலையில் வண்டி கிளம்பாது. புல்லட்டில் அதைப் பார்க்க ஒரு பாஸ்புக்கும் உண்டு, ஆம்பியர் மீட்டர். முள் மைனஸ் பக்கமே நின்றால் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் வரும் புது டூவீலர்களில் பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். "ஏன் சார் பகலில் லைட்டு?" என்று ரோட்டில் கை காட்டுபவர்களுக்குப் பதில், நூற்றி நாற்பது வருஷம் முன்னால் லூகாஸ் எண்ணெய் விளக்கு சொன்ன அதே பதில்தான். நான் வருகிறேன் என்று தெரியட்டும்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்?

"முதல்ல இருக்கிற ஹெட்லைட்டை ஒழுங்கா எரிய வைப்பா" என்றேன். அவனுக்கு முகம் சுருங்கியது போனிலேயே தெரிந்தது. தாத்தா வண்டியில் இன்னும் பல்புக்குப் போகும் கரண்ட் முழுக்க ஹேண்டில் சுவிட்ச் வழியாகப் போய்த்தான் வருகிறது. அதற்கு ஒரு ரிலே போட்டால் போதும். ரிலே ஒன்றும் பெரிய மாயம் இல்லை. 1830-களில் தந்திக்காகப் பிறந்தது. களைத்துப்போன தபால் குதிரையை மாற்றிப் புதுக் குதிரையைப் பூட்டுவார்களே, அந்தப் பெயர்தான் இதற்கும். சுவிட்ச்சிலிருந்து வரும் சின்னக் கரண்ட் ரிலேவைத் தட்டி எழுப்பும், பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்குப் போகும். ரிலே காலில் 30 என்று போட்டிருந்தால் பேட்டரி, நடுவில் மறக்காமல் ஒரு ஃபியூஸ், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்திலோ அவ்வளவு நல்லது. 87 விளக்குக்கு. 86 சுவிட்ச்சுக்கு, 85 எர்த்துக்கு. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. அதே பல்பு, வழியில் கமிஷன் இல்லாமல் எரியும். எவ்வளவு வித்தியாசம் என்று அவனே பார்க்கட்டும்.

அதற்கும் மேல் வேண்டும் என்றால் தாழ்வாகப் பொருத்துகிற சின்ன ஃபாக் லைட், அதுவும் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிட்டு. ஸ்பாட் லைட் பேச்சே வேண்டாம். மாட்டிய பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் மேலே உட்கார்ந்து, 8 மீட்டர் அளந்து எதிரே ஒருவர் சைக்கிளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"யாரு சித்தப்பா உட்காருவாங்க?"

"உங்க அப்பாவைக் கேளு. அவன் சரின்னு சொன்னா ஓட்டு."

பெட்டியில் இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ் ஹோல்டர், பத்து மீட்டர் நல்ல தடிமனான வயர் வைத்துவிட்டேன். ஹெட்லைட் மட்டும் இந்தத் தடவை நம்ம ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.