தித் நடந்த முப்பது மைல்

மே மாதம் பிறந்தால் நம் ஊர்ச் சுவர்களில் எழுப்புதல் கூட்டச் சுவரொட்டிகள் வந்துவிடும். மூன்று நாள் பந்தல், ஒலிபெருக்கி, உபவாச ஜெபம். மூன்றாம் நாள் இரவு பலர் கண்ணீரோடு முன்னால் வந்து நிற்பார்கள். அந்தக் கண்ணீரை நான் கேலி செய்யவில்லை. ஆனால் நான்காம் நாள் காலையில் என்ன மாறியிருக்கிறது? சாதிக்கொரு கல்லறை இருந்த ஊரில் அது அப்படியே இருக்கிறது. காதலித்த பெண்ணின் சாதியைக் கேட்கும் கிறிஸ்தவ வீடும் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் எழுப்புதல் என்பதுதான் என்ன? இதைக் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்கிறேன். அவர் தமிழர் அல்ல, பஞ்சாபி. பெயர் தித்.

இன்று பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட்டில் அமெரிக்க யுனைடெட் பிரஸ்பிட்டேரியன் மிஷன் 1855இல் வேலை தொடங்கியது. படித்தவர்களும் மேல்சாதியினரும் முதலில் வருவார்கள், அவர்கள் வழியாக மற்றவர்கள் வருவார்கள் என்பதே அன்று பல மிஷன்களின் கணக்கு. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்தும் சபையில் சேர்ந்தவர்கள் சொற்பம். சேர்ந்த சிலரில் நத்து என்ற ஜாட் சாதி இளைஞர் ஒருவர். அவரால் பெரிய பலன் இல்லை, பலவீனமான விசுவாசி என்றே மிஷனரிகள் நினைத்தார்கள். அந்த நத்துதான் தித்திடம் பேசினார்.

தித், சூஹ்ரா சாதியைச் சேர்ந்தவர். தெரு கூட்டுவது, சாணம் அள்ளுவது, செத்த கால்நடைகளை அப்புறப்படுத்துவது, நிலக்காரர்களின் வயலில் உழைப்பது என்று ஊர் அந்தச் சாதியின் தலையில் கட்டியிருந்தது. அந்தப் பெயரே இன்றும் பஞ்சாபில் வசைச்சொல்லாக வீசப்படுகிறது. தித் கிராமம் கிராமமாகப் போய்த் தோல் வாங்கி விற்றுப் பிழைத்தார். குள்ளமானவர், கறுத்தவர், ஒரு கால் ஊனம், வயது முப்பது இருக்கும் என்று அதே மிஷனைச் சேர்ந்த ஆண்ட்ரூ கார்டன் 1886இல் வெளியிட்ட நூலில் குறித்திருக்கிறார்.

1873இல் நத்து அவரைச் சியால்கோட்டுக்கு அழைத்துப்போய் மிஷனரி சாமுவேல் மார்ட்டின் முன் நிறுத்தினார். தித் ஞானஸ்நானம் கேட்டார். மார்ட்டின் தயங்கினார். இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, போதனையும் போதாது. ஆனாலும் இவர் நம்புகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. மறுக்கக் காரணம் கிடைக்காமல்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். கொஞ்ச காலம் தங்கிப் போதனை பெறுவார் என்று மார்ட்டின் எதிர்பார்த்தார். தித் உடனே ஊருக்குப் போக வேண்டும் என்றார். அவர் மிஷன் வளாகத்தில் வேலை கேட்கவில்லை, வீடும் கேட்கவில்லை. முப்பது மைல் தொலைவில் இருந்த தன் வீட்டுக்கே திரும்பினார். ‘பாலுக்கும் ரொட்டிக்கும் மதம் மாறினார்கள்’ என்று இன்றும் நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு வாழ்க்கை போதும். தோல் மூட்டையோடு போனவர் தோல் மூட்டைக்கே திரும்பினார்.

சொந்தக்காரர்கள் வரவேற்கவில்லை. எங்களைக் கேட்காமல் எப்படிப் போனாய் என்று கோபித்தார்கள், துரையாகிவிட்டாயா என்று கேலி செய்தார்கள். தித் ஊரை விட்டு ஓடவில்லை. சுமார் இரண்டு மாதம் கழித்து மனைவி, மகள், பக்கத்து வீட்டார் இருவர் ஆகியோரை அழைத்துக்கொண்டு மீண்டும் சியால்கோட்டுக்கு நடந்தார். தனக்குத் தெரிந்ததை அவர்களுக்கு அவரே கற்றுக்கொடுத்திருந்தார். மார்ட்டின் விசாரித்துத் திருப்தியடைந்து ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்களும் உடனே ஊர் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு இன்னும் நால்வர் வந்தார்கள்.

தோல் வாங்கப் போன ஊர்களில் எல்லாம் தித் பேசினார். பந்தல் இல்லை, மேடை இல்லை. விலை பேசும் திண்ணையிலும் சேரியின் முற்றத்திலும் சொன்னார். 1900ஆம் ஆண்டு வாக்கில் சியால்கோட் மாவட்டத்துச் சூஹ்ராக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். 1881 கணக்கெடுப்பில் பஞ்சாபில் சில ஆயிரமாக இருந்த இந்தியக் கிறிஸ்தவர்கள் 1931இல் ஏறக்குறைய 4 லட்சம். மிஷன் போட்ட திட்டத்தால் இது நடக்கவில்லை. மக்கள் திரண்டு வந்த பிறகுதான் மிஷன் தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது.

புது வாழ்க்கை அன்றாடத்தில் தெரிந்தது. பல கிராமங்களில் செத்த மாட்டின் இறைச்சி உண்பதை விட்டார்கள். எழுத்தறியாதவர்கள் ஜெபங்களையும் கட்டளைகளையும் மனப்பாடம் செய்தார்கள். அந்தச் சபையின் வழிபாட்டில் சங்கீதங்களை மட்டுமே பாடுவது வழக்கம். இமாம் உத் தீன் ஷாபாஸ் என்ற போதகர் அவற்றைப் பஞ்சாபிச் செய்யுளாக்கினார். உள்ளூர் மெட்டுகளில் அமைந்த அந்தச் சங்கீதங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறின. கண்பார்வை மங்கிப்போன நிலையிலும் அவர் அந்த வேலையை விடவில்லை. ஏடு தொட அனுமதியில்லாத மக்களின் வாயில் வேதம் தாய்மொழியில் ஏறியது. பஞ்சாபிச் சபைகள் இன்றும் அவற்றைப் பாடுகின்றன.

1904இல் அதே சியால்கோட்டில் ஒரு கன்வென்ஷன் தொடங்கியது. இரவு பகலாக ஜெபித்த ஜான் ஹைட் என்ற மிஷனரியின் பெயர் அதன் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர் ஊழியர்களும் அவரை மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டட்டும். ஆனால் சியால்கோட் எழுப்புதல் என்றால் 1904ஐச் சொல்கிறவர்கள் 1873ஐச் சொல்வதில்லை. முழங்காலில் நின்ற வெள்ளைக்காரரை நினைவு வைத்த சபை, ஊனக் காலோடு நடந்த தலித்தை மறந்தது ஏன்? இது வெறும் மறதி என்று நான் நம்பவில்லை.

கதையை இத்தோடு முடித்தால் பொய் சொன்னவனாவேன். ஞானஸ்நானம் பெற்ற பலரின் கையிலிருந்து துடைப்பம் இறங்கவில்லை. 1900இல் வந்த பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், விவசாயச் சாதிகள் என்று அரசு பட்டியலிட்டவர்களின் நிலத்தை மற்றவர்கள் விலைக்கு வாங்க முடியாமல் தடுத்தது. தலித்துகள் அந்தப் பட்டியலில் இல்லை. இன்று பாகிஸ்தான் நகரங்களில் சாக்கடைக்குள் இறங்குவோரில் பெரும்பகுதி தித்தின் வழிவந்த கிறிஸ்தவர்கள்தான். எல்லைக்கு இந்தப்புறம், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. நாம் மதம் மாறினோம், சாதி நம்மைப் பின்தொடர்ந்தது.

அப்படியானால் தித் தோற்றாரா? இல்லை. அவர் தொடங்கியதை மற்றவர்கள் முடிக்கவில்லை, அவ்வளவுதான். அவமானப்படுத்திய அதே தெருவுக்கு, அதே தொழிலோடு, ஆனால் குனியாத தலையோடு திரும்பிப் போனதுதான் அவருடைய சீடத்துவம். தான் கற்றதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தது அவருடைய ஊழியம். இரண்டையும் அவர் தினமும் செய்தார்.

மாணவர்களே, உங்கள் சபையில் அடுத்த எழுப்புதல் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். பாடுங்கள், ஜெபியுங்கள். முடிந்ததும் ஆயரிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, நம் கல்லறைச் சுவரை எந்தத் தேதியில் இடிக்கப்போகிறோம்? பதில் வராவிட்டால் அடுத்த ஞாயிறும் கேளுங்கள். தித் ஒருமுறை நடந்து நிறுத்திவிடவில்லை.

ஜெய் பீம்.