கணக்கில் வராத ஓராண்டு

பி.எட். சேர்க்கை விதிமுறைகளை நம் பிள்ளைகள் பெரும்பாலும் மதிப்பெண் வரைக்கும்தான் படிக்கிறார்கள். பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. "அப்போ நமக்கு இடம் இருக்கு" என்று நிம்மதியாகி விடுகிறார்கள். அதே விதிமுறையில் இன்னொரு வரியும் இருக்கிறது. 11+1+3 அல்லது 10+2+3 என்ற முறையில் படித்திருக்க வேண்டும். அப்படிப் படிக்காமல் திறந்தநிலை முறையில் பட்டம் வாங்கியவர்கள், முதுகலையே முடித்திருந்தாலும், பி.எட். சேர முடியாது.

தோழர்களே, அந்த 11+1இல் வரும் 'ஒன்று' எது? அதுதான் பி.யு.சி. எனப்பட்ட புகுமுக வகுப்பு. பள்ளி முடித்தவரைப் பட்டப்படிப்புக்குத் தயார்படுத்திய ஓராண்டு. திறந்தநிலைக் கல்வியில் 'அடிப்படைப் படிப்பு', 'ஆயத்தப் படிப்பு' என்று சொல்லப்படுவதும் பட்டப்படிப்புக்குத் தயார்படுத்துவதற்குத்தான். முன்னது கணக்கில் வருகிறது, பின்னது வருவதில்லை. இது எப்படி நடந்தது என்பதை நம் மாவட்டத்து வரலாற்றிலிருந்தே பார்க்கலாம்.

1892ஆம் ஆண்டின் பஞ்சமி நில அரசாணையை நாம் எல்லோரும் பேசுகிறோம். அதற்கு அடுத்த ஆண்டு, 1893 பிப்ரவரியில் வந்த கல்வித்துறை அரசாணை எண் 68ஐப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம் தந்ததோடு, ஆசிரியர் பயிற்சி பெறும் பஞ்சம மாணவர்களுக்கு உதவித்தொகையும் தந்தது அந்த ஆணை. சாதி இந்து ஆசிரியர்கள் சேரிக்குள் வர மறுத்த காலம் அது. சேரியில் பள்ளி நடக்க வேண்டுமென்றால் சேரியிலிருந்தே ஆசிரியர் உருவாக வேண்டும். பள்ளிக்கூடக் கட்டடத்தைவிட ஆசிரியரை உருவாக்குவதுதான் கடினம் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் முனுசாமியாகப் பிறந்தவர். நந்தன் உள்ளே போக முடியாமல் நின்றதாகக் கதை சொல்லப்படும் ஊரிலேயே, அவன் பெயரில் பள்ளி. கோயில் நுழைவுக்காகவும் அவர் குரல் கொடுத்தார். ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிக்கும் விடுதிக்கும் கொடுத்தார். சட்டமன்றத்துக்குப் போனபோதும் கல்வியைத்தான் பேசினார். 1959இல் அவர் மறைந்தபோது, ஓமக்குளத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இந்தப் பகுதியின் கிராமங்களில் முதல் எழுத்தறிந்த தலைமுறையாக இருந்தார்கள்.

அதே சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. நந்தனார் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஒரு வாசல் இருந்தது. முதலில் அது ஈராண்டு இன்டர்மீடியட். 1950களில் ஓராண்டு பி.யு.சி. ஆனது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் கல்லூரியில் அந்த ஓராண்டைத் தாண்டினால்தான் பட்டப்படிப்பு.

அந்த ஓராண்டு பள்ளியில் நடக்கவில்லை என்பதுதான் முக்கியம். கல்லூரி நகரத்தில் இருந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கு விடுதி வேண்டும், விடுதி இல்லையென்றால் பேருந்துக் காசு வேண்டும். பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, திடீரென்று ஆங்கிலப் பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டும். 'பி.யு.சி. பெயில்' என்பது ஒரு தலைமுறைக்கே அடைமொழியானது சும்மா இல்லை. தயார்படுத்துவதற்காக வைத்த ஆண்டு வடிகட்டும் ஆண்டாக வேலை செய்தது.

இதன் விளைவை நம் குடும்பங்களிலேயே பார்க்கலாம். அன்று இடைநிலை ஆசிரியர் பயிற்சிக்கு எஸ்.எஸ்.எல்.சி. போதும், பி.யு.சி. தேவையில்லை. அதனால் நம்மில் முதலில் ஆசிரியரானவர்கள் பெரும்பாலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். பட்டமும் பி.எட்.டும் முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனவர்கள் குறைவு. அந்த ஓராண்டைத் தாண்டியவர், தாண்டாதவர் என்று ஆசிரியர் அறையிலும் ஒரு கோடு விழுந்தது. 1944 முதலே மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை இருந்தது உண்மை. ஆனால் உதவித்தொகை கட்டணத்தைக் கட்டும். ஆங்கிலத்தைச் சொல்லித் தராது. நம் மண்ணின் எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழு, தீண்டாமையோடு சேர்த்துப் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய்ந்து 1969இல் அறிக்கை கொடுத்தது. தீண்டாமையையும் கல்வியையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பது அப்போதே பதிவாகிவிட்டது.

1978இல் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. கல்லூரியிலிருந்த வாசல் மேல்நிலைப் பள்ளிக்கு இடம் மாறியது. நம் பிள்ளைகளுக்கு இது பெரிய மாற்றம். ஊருக்கு அருகிலேயே, தமிழிலேயே அந்தப் படியைத் தாண்ட முடிந்தது. இன்றைய முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இந்த மாற்றத்தின் பிள்ளைகள்.

ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள்? கரும்பு வெட்டப் போனவர்கள், செங்கல் சூளைக்குப் போனவர்கள், பதினெட்டு வயதுக்குள் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட பெண்கள்? அவர்களுக்குத் தொலைதூரக் கல்விதான் வழியாகத் தெரிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. பின்னர் திறந்தநிலை முறையும் வந்தது. முந்தைய படிப்புச் சான்று இல்லாமலும் சேரலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிமுறையே இதற்கு ஓர் இடம் விட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பு இல்லாதவரும், 21 வயது நிறைந்து நுழைவுத் தேர்வில் தேறினால், தொலைதூர முறையில் இளங்கலை சேரலாம்.

நடைமுறை அதற்கும் மேலே போனது. இளங்கலையே இல்லாமல் நேரடியாக முதுகலை தரப்பட்டது. அப்படிப் பெற்ற எம்.ஏ. பட்டம் ஒன்று பதவி உயர்வு வழக்கில் சிக்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகமே மேல்முறையீட்டாளராக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மானியக் குழுவின் விதி திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும், அடிப்படைப் பட்டம் இல்லாத முதுகலை செல்லாது என்றது நீதிமன்றம். அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று தமிழ்நாடு அரசு அரசாணை எண் 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தேறாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டங்கள் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படாது என்றது அது.

இளங்கலை படிக்காமல் எம்.ஏ. தருவதை நானும் ஆதரிக்கவில்லை. பாதி கற்ற ஆசிரியர் கிடைத்தால் முதலில் பாதிக்கப்படுவது நம் தெருப் பிள்ளைகள்தான். என் கேள்வி வேறு. பட்டத்தை வழங்கியது பல்கலைக்கழகம். பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தது அரசு. தண்டனை மட்டும் ஏன் மாணவருக்கு? குறுக்கு வழியில் எம்.ஏ. வாங்கியவரையும், ஓர் ஆயத்தப் படிப்பு முடித்து மூன்று ஆண்டு ஒழுங்காக இளங்கலை படித்தவரையும் ஒரே தட்டில் வைத்தது என்ன நியாயம்?

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில், கல்வியியல் உட்படப் பல பாடங்களில், அடித்தள ஆண்டோடு கூடிய நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. பள்ளி இறுதியில் போதிய மதிப்பெண் இல்லாதவர் அந்த முதல் ஆண்டில் படித்துத் தேறி, அங்கேயே பட்டப்படிப்பைத் தொடர்கிறார். அந்த ஆண்டு பட்டப்படிப்பின் பகுதி. யாரும் பின்னால் வந்து அதை அழிப்பதில்லை.

நமக்கும் அதுதான் வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 முதல் அரசின் கையில் இருக்கிறது. அங்கேயே, நேரடி வகுப்போடும் விடுதியோடும், ஓர் ஆயத்த ஆண்டை நடத்தட்டும். அதன் தேர்வைப் பிளஸ் டூவுக்கு இணையாக அறிவிக்கட்டும். பி.எட். சேர்க்கையிலும் ஆசிரியர் நியமனத்திலும் அதை ஏற்கட்டும். 11+1ஐ ஏற்கும் அரசுக்கு இதை ஏற்பதில் என்ன தடை?

அந்தக் கோரிக்கை வெல்லும்வரை நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்போடு நின்ற தங்கை ஒருத்தி "டீச்சர் ஆகணும்" என்று வந்தால், விளம்பரத்தைப் பார்த்து எதிலும் பணம் கட்ட விடாதீர்கள். முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ தேர்வை எழுத வையுங்கள். மாலையில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுங்கள். அதன் பிறகு பட்டம், அதன் பிறகு பி.எட். நாட்கள் கூடுதலாகும்தான். ஆனால் அவள் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் வரும்.

ஜெய்பீம்.