விளக்கெண்ணெயிலிருந்து டாட் 4 வரை: பெங்களூரில் பிரேக் ஆயில்

மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் கம்பியும் இரும்புத் தண்டும்தான் பிரேக்கை இயக்கின. நான்கு சக்கரங்களும் ஒரே அளவில் பிடிப்பது அரிது. ஒரு பக்கக் கம்பி தளர்ந்தாலே வண்டி மறுபக்கம் இழுக்கும். இந்தக் குறையைத் தீர்க்க, திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கை உருவாக்கி 1917-இல் காப்புரிமை பெற்றார் அமெரிக்கரான மால்கம் லாக்ஹெட். 1921-இல் டூசன்பர்க் காரும், 1924-இல் கிறைஸ்லரும் அதை ஏற்றன. செவர்லே 1936-இலும் ஃபோர்டு 1939-இலும் அந்த வழிக்கு வந்தன.

குழாய்க்குள் என்ன ஊற்றுவது என்பது அடுத்த சிக்கல். அன்றைய வாஷர்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அவை ஊதிக் கெட்டுவிடும். விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுக்காது என்பதால், அதில் ஆல்கஹால் கலந்து பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். அக்கலவை கடுங்குளிரில் கெட்டிப்பட்டது. சூட்டில் ஆல்கஹால் விரைவில் ஆவியானது. வண்டியின் வேகமும் பாரமும் கூடக்கூட, கொதிநிலை உயர்ந்த கிளைக்கால் ஈதர் திரவங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. இந்தியாவில் 1962-இல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை பாடியில் அமைந்த அதன் ஆலையால் பிரேக் பாகங்கள் உள்நாட்டிலேயே கிடைத்தன.

பெங்களூரில் இந்தப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற கடைத்தெரு ஜே.சி. ரோடு. டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் நோக்கிச் செல்லும் இந்தச் சாலைக்கு அருகிலேயே கலாசிப்பாளையத்தின் லாரி ஆபீஸ்களும் பஸ் நிலையமும் இருக்கின்றன. வண்டிகள் வந்து நிற்கும் இடத்தை ஒட்டி உதிரிபாகக் கடைகளும் பெருகின. ஒரு வீல் சிலிண்டர் கிட்டோ, ஒரு டப்பா பிரேக் ஆயிலோ தனி ஆளாகப் போய் வாங்கலாம் என்ற நிலை, வீட்டிலேயே வேலை பார்ப்பவர்களுக்குப் பெரிய வசதி.

அப்படிப்பட்டவர்களின் எண்ணிக்கையைச் சிறு சரக்கு வண்டிகள் உயர்த்தின. 1986-இல் டாடா 407, 2005-இல் டாடா ஏஸ், கூடவே மஹிந்திராவின் பிக்கப்புகள் என வரிசையாக வந்தன. இவற்றில் பலவற்றுக்கு ஓட்டுநரே உரிமையாளர். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அன்றைய வாடகை போய்விடும். அதனால் ஓய்வு நாளில் வீட்டு வாசலிலேயே பிரேக் ஆயில் மாற்றும் வழக்கம் அவர்களிடையே உண்டு.

மாற்ற வேண்டியதற்குக் காரணம் ஈரம். கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும். டாட் 3 என்னும் தரத்திலுள்ள புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. நீர் ஏறிய பிறகான வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு இவை 230, 155. பெங்களூரிலிருந்து சேலம் போகும் வண்டி பாரத்தோடு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் கடுமையாகச் சூடாகும். பழைய திரவம் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை இறங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்படி பல தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். முதலில் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவிலுள்ள கருத்த ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி, புதியதை ஊற்றுவார்கள். பிறகு பொதுவாகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்குவார்கள். சக்கரத்தில் திரவத்தையும் காற்றையும் வெளியேற்றும் நிப்பிளில் தெளிவான டியூபைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் முக்குவார்கள். சீட்டில் இருப்பவர் பெடலைச் சில முறை பம்ப் செய்து அழுத்திப் பிடிப்பார்; கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, பெடல் மேலே வருமுன் மூடுவார். குமிழி நின்று, தெளிந்த ஆயில் வரும்வரை இது தொடரும். இடையில் டப்பா வற்றினால் மறுபடி காற்று புகுந்துவிடும்.

பிக்கப்புக்கென்று தனிக் கவனம் ஒன்று உண்டு. பல வண்டிகளில் பின் அச்சோடு இணைந்த வால்வு, பாரத்துக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அச்சு தொங்கும்படி ஜாக்கி போட்டால், வண்டி காலியாக இருப்பதுபோல வால்வு ஓட்டத்தைக் குறைத்துவிடும். அதனால் சக்கரங்கள் தரையில் பதிந்திருக்கும்போதே காற்று எடுப்பது நல்லது. சிந்திய ஆயில் பெயின்டை உரித்துவிடும்; உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வந்தபின் இந்த முறைக்கு ஓர் எல்லை ஏற்பட்டது. பெங்களூரை அடுத்த பிடதி ஆலையிலிருந்து 2022-இல் சந்தைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில், ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று சிக்கினால் அதை வெளியேற்றப் பெரும்பாலும் ஸ்கேனர் கருவி தேவைப்படும். காற்று புகாதபடி திரவத்தை மட்டும் மாற்றுவதற்கு, இருவர் சேர்ந்து செய்யும் பழைய முறையே இன்றும் போதும்.