துப்பாக்கி சுடும் பயிற்சியில் செவிப் பாதுகாப்பு: காதுக்காப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

வேட்டுச் சத்தத்தால் கெடும் செவித்திறனை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ முழுமையாக மீட்க இயலாது. உட்செவியில் நத்தைச்சுருள் எனப்படும் பகுதியில் நுண்ணிய முடிச்செல்கள் உள்ளன. ஒலியை நரம்புக்குக் கடத்துபவை இவையே. ஒருமுறை அழிந்தால் இவை மறுபடி வளர்வதில்லை. தொழிற்கூட இரைச்சல் பல ஆண்டுகளில் செய்யும் சேதத்தை, காதுக்காப்பு இன்றிச் சுடப்பட்ட ஒரே வேட்டு சில மில்லிவினாடிகளில் செய்துவிடக்கூடும்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் தேசிய மாணவர் படையில் .22 துப்பாக்கியால் சுடப் பழகும் கல்லூரி மாணவர்கள், துறைமுகத்திலும் ஆலைகளிலும் ஆயுதக் காவலில் உள்ளோர், காவல்துறையினர், போட்டிக்காகப் பயில்வோர் ஆகியோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற பிறகும், புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்ற பிறகும் இவ்விளையாட்டு நம் இளைஞர்களுக்கு அந்நியமானதாக இல்லை. படைப்பணி, காவல்பணி, கப்பல் பணி ஆகியவற்றுக்கான மருத்துவத் தகுதித் தேர்வில் செவித்திறனும் சோதிக்கப்படுகிறது. வேலைக்கு உதவும் என்று தொடங்கிய பயிற்சியே அவ்வேலைக்குத் தடையாகிவிடக் கூடாது.

எந்தத் துப்பாக்கி, எவ்வளவு சத்தம்?

வேட்டொலியின் உச்ச அளவு பெரியவர்களுக்கு 140 டெசிபெல்லையும் சிறுவர்களுக்கு 120 டெசிபெல்லையும் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. .22 துப்பாக்கியின் ஒலியே ஏறத்தாழ 140 டெசிபெல் அளவில் இருக்கும். கைத்துப்பாக்கியும் 12 போர் துப்பாக்கியும் 150 முதல் 165 வரை செல்லும். 10 மீட்டர் போட்டிக்கான காற்றழுத்தத் துப்பாக்கியின் ஒலி இவற்றைவிட மிகக் குறைவு. ஆயினும் மூடிய கூடத்தில் பலர் வரிசையாக நின்று நாள்தோறும் பயிலும்போது, அதற்கும் காதுக்காப்பு அணிவதே நன்று. மூடிய கூடத்தில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அருகில் நிற்பவருக்கும் பாதிப்பு உண்டு. பயிற்றுநரும், பிள்ளையுடன் வந்து பின்னால் அமர்ந்திருக்கும் பெற்றோரும் காப்பு அணிய வேண்டும்.

காதடைப்பானா, காதுமூடியா?

இயர் பிளக் எனப்படும் காதடைப்பான் செவித்துளைக்குள் செருகப்படுவது. இயர் மஃப் எனப்படும் காதுமூடி காதுமடலை முழுவதும் கவிந்து மூடுவது. காதில் பஞ்சு அடைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் உள்ளது. பஞ்சு ஒலியைத் தடுப்பதில்லை. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற தவறான துணிவை மட்டுமே தருகிறது.

நுரையாலான காதடைப்பான் விலை குறைந்தது. சரியாகச் செருகினால் மிக நன்றாகப் பயன்தரும். பெரும்பாலோர் அதைச் சரியாகச் செருகுவதில்லை என்பதே சிக்கல். கையைக் கழுவிவிட்டு, அடைப்பானை மெல்லிய குச்சிபோல் உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரிந்து பொருந்தும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பயனற்றது. சரியாகப் பொருந்தியிருந்தால் தம் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். மேலும், உள்ளங்கைகளால் காதுகளைப் பொத்திப் பார்க்கலாம். அப்போது சுற்றுச் சத்தம் வெகுவாகக் குறைந்தால், அடைப்பானில் இடைவெளி இருக்கிறது என்று பொருள்.

காதுமூடியை அணிவது எளிது. அணிந்திருப்பதைப் பயிற்றுநர் தொலைவிலிருந்தே பார்த்துவிடலாம். சிறுவர்களுக்கு இதுவே ஏற்றது. ஆனால் மூக்குக்கண்ணாடியின் காம்பு, தொப்பி, அடர்ந்த முடி ஆகியவை மெத்தைக்கும் தோலுக்கும் இடையே வழிவிட்டுப் பயனைக் குறைக்கும். நீள்துப்பாக்கியின் கட்டையில் கன்னத்தைப் பதிக்கும்போது தடித்த மூடி நகர்ந்துவிடும். எனவே நீள்துப்பாக்கி சுடுவோர் மெலிந்த வடிவுள்ள மூடியையோ அடைப்பானையோ தேர்ந்தெடுக்க வேண்டும். இருசக்கர வாகனப் பெட்டியில் வெயிலில் கிடக்கும் மூடியின் மெத்தை விரைவில் இறுகி வெடித்துவிடும். அதை மாற்ற வேண்டும்.

மூடிய கூடத்தில் சுடுவோரும், கைத்துப்பாக்கி அல்லது 12 போர் துப்பாக்கி பயன்படுத்துவோரும் அடைப்பானையும் மூடியையும் சேர்த்தே அணிய வேண்டும். இரண்டின் எண்களையும் கூட்டிக் கணக்கிடக் கூடாது. இரண்டில் சிறந்ததைவிட ஏறத்தாழ 5 டெசிபெல் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும். வேட்டொலிக்கு அந்த 5 டெசிபெல்லும் தேவை.

மெல்லிய பேச்சைக் கேட்கவிட்டு வேட்டொலியை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுமூடி பயிற்றுநருக்கு மிகவும் உதவும். பன்னாட்டுப் போட்டி விதிகளின்படி, ஒலியைப் பெற்றுத்தரும் கருவி பொருத்தப்பட்ட காப்பைப் போட்டியாளர் அணிய இயலாது என்பதை வாங்குமுன் நினைவில் கொள்ளவும்.

பெட்டியில் உள்ள எண்

என்.ஆர்.ஆர். 27 என்று அச்சிட்டிருந்தால் 27 டெசிபெல் குறையும் என்று பலர் கருதுகின்றனர். அது ஆய்வுக்கூடத்தில் கிடைத்த அளவு. தொழிற்கூட நடைமுறையில் அவ்வெண்ணிலிருந்து 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கிக் கணக்கிடுவர். அதாவது 27 என்பது 10 ஆகிவிடும். தொடர் இரைச்சலுக்கான இக்கணக்கு வேட்டொலிக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது போதும். ஐ.எஸ். 9167 தரக் குறியீடு உள்ளதா என்று பார்த்து, அணிந்து பார்த்து வாங்கவும். 33 என்று எழுதப்பட்டு உறுத்தலால் கழற்றி வைக்கப்படும் காப்பைவிட, 25 என்று எழுதப்பட்டு இறுதிவரை காதிலேயே இருக்கும் காப்பு மேலானது. எட்டு மணி நேர வேலையில் 30 நிமிடம் மட்டும் கழற்றி வைத்தால்கூட, 30 டெசிபெல் தடுக்கும் காப்பின் பயன் சுமார் 12 ஆகச் சுருங்கிவிடும்.

பகலில் ஆலை, விடுமுறையில் பயிற்சி

நம் பகுதியில் இது முக்கியமானது. அச்சு எந்திரக்கூடத்திலோ, கப்பல் துரு தட்டும் பணியிலோ, விசைப்படகின் எந்திர அறையிலோ வேலை செய்பவரின் காது ஏற்கெனவே களைத்திருக்கும். பணி முடிந்த அன்றே சுடச் செல்வதைத் தவிர்த்து, அமைதியாகக் கழித்த நாளுக்குப் பின் செல்வது நல்லது. இரண்டு இடத்திலும் காப்பு அணிய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செவித்திறன் சோதனைக்கு வரும்போது இரண்டையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறவும். ஆலை இரைச்சல் பொதுவாக இரு காதுகளையும் ஒரே அளவில் தாக்கும். வலது தோளில் நீள்துப்பாக்கி வைத்துச் சுடுபவருக்கு, குழலின் முனைக்கு அருகில் இருக்கும் இடது காதே கூடுதலாகக் கெடும். இரண்டிலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவில்தான் முதலில் குறை தெரியும். ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளருக்கு இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு தொழில்சார் நோயாகக் கருதப்படுவதால், இந்த விவரம் அவரது உரிமைக்கும் தேவையானது.

காதில் சீழ் வடிந்தாலோ, புழுக்கத்தால் பூஞ்சைத் தொற்று இருந்தாலோ அடைப்பான் கூடாது. மூடி மட்டுமே அணிய வேண்டும். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதையும், குச்சியால் அழுக்கு எடுப்பதையும் நிறுத்தவும்.

மருத்துவரை அணுக வேண்டிய நேரம்

சுட்டபின் காதில் ‘ங்’ என்ற இரைச்சலோ அடைப்போ ஏற்பட்டால், அன்று பெற்ற பாதுகாப்பு போதவில்லை என்று பொருள். அது ஒரு நாளுக்குள் அடங்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணவும். திடீரெனக் கேட்காமல் போனால் காத்திருக்க வேண்டாம், அன்றே வரவும். இதற்கான மருந்துகள் தொடக்க நாட்களில்தான் நன்கு பயனளிக்கும். காதிலிருந்து இரத்தம் வந்தால் செவிப்பறை கிழிந்திருக்கக்கூடும்; சொட்டு மருந்தோ தண்ணீரோ விடாமல் அழைத்து வரவும். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது, கூட்டத்தில் பேச்சு புரியாமல் திரும்பக் கேட்பது போன்றவற்றை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் வீட்டாரே.

பயிற்சியைத் தொடங்குமுன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் செவித்திறன் சோதனை செய்துகொள்ளவும். சோதனைக்கு முன் 14 மணி நேரம் பேரிரைச்சலைத் தவிர்க்க வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகலாம். வரும்போது பயன்படுத்தும் காதுக்காப்பையும் உடன் கொண்டு வரவும். அது பொருந்துகிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம்.