அன்னமும் எச்சிலும்



திருவிழா என்றால் தேரும் தீபமும் மட்டும் அல்ல. அன்னமும் அதன் ஓர் அங்கமேயாம். திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா ஆகிய எதுவாயினும், பந்தி முடிந்த பின்னரே அது நிறைவெய்தியதாக நாம் கொள்ளுகின்றோம். அப்பந்தியின் முடிவில் எடுத்தெறியப்படும் இலைகளைச் சற்றே நோக்குமின்! தொடப்படாத சோறும், ஒரு விள்ளல் மட்டும் உண்ட இனிப்பும் அவற்றிற் கிடக்கக் காண்கின்றோம். இதுதான் நம் முன்னோர் வகுத்த விருந்து நெறியா? இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பழஞ்செய்திகளைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்பை அடுத்துள்ளது அர்ச்சுனாபுரம். நல்லதங்காளின் கோயில் அங்கே உள்ளது. புகுந்த ஊரிற் பஞ்சம் தலைவிரித்தாட, ஏழு குழந்தைகளுடன் தமையன் வீட்டை நாடி வந்தாள் அவள். தமையன் இல்லாத வேளையில், அண்ணி மூளி அலங்காரி அக்குழந்தைகளுக்கு வயிறார உணவிட மறுத்தாள். மானமே உயிராகக் கொண்ட அத்தாய் குழந்தைகளைக் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்து மாண்டாள் என்று கதைப்பாடல் கூறுகின்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திற் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். அக்கதையைக் கேட்டுக் கண்ணீர் வடித்த நம் பாட்டிமார், தரையிற் சிந்திய ஒரு பருக்கையையும் ஒற்றியெடுத்ததன் காரணம் இப்போது விளங்கும்.

இனி, விருந்தோம்பலுக்கு இலக்கணமாகச் சேக்கிழார் பெருமான் காட்டும் இளையான்குடி மாற நாயனாரைக் காண்போம். செல்வம் சுருங்கிய காலத்தில், மழை பொழியும் நள்ளிரவில், சிவபெருமானே அடியார் வடிவில் வந்தார். நாயனார் அன்று பகலில் விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரிக்கொணர்ந்தார். வீட்டுக் கூரையின் வரிச்சை அறுத்து விறகாக்கினார். கொல்லையில் முளைத்திருந்த இளம்பயிரைப் பறித்துக் கறியமுதாக்கச் செய்தார். அவ்விருந்தின் பெருமை பதார்த்தங்களின் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு நெல்லும் ஒருவருடைய பசிக்கெனவே எடுக்கப்பட்டதில் இருந்தது.

அடியார் ஒருவர் இல்லத்தில் இருந்த இந்நெறி, ஆலயங்களிலும் கட்டளை என்னும் முறையாய் நிலைபெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழனின் கல்வெட்டுகள் திருவமுதுக்கு அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, பருப்பு இவ்வளவு என அளந்து வரையறுக்கின்றன. அன்னமிட நிலம் அளித்தோரும் உண்போர் தொகையைக் குறித்தே அறம் செய்தனர். கொடைக்குக் குறைவில்லை, எனினும் அளவின்றிக் கொடையில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வைணவ அன்பர்கள் போற்றும் ஒரு செய்தியும் இதற்குச் சான்றாகும். நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் திருமாலிருஞ்சோலைப் பெருமானுக்குச் சமர்ப்பிக்க ஆண்டாள் விரும்பினார். பின்னாளில் இராமாநுசர் அதனை நிறைவேற்றினார். அதனால் ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்றழைத்தார் என்பர். சமர்ப்பித்தது நூறு தடா. ஆயினும் அன்பர் கைக்கு வரும் பிரசாதமோ ஓர் உள்ளங்கையளவுதான். பாத்திரம் பெரிதாய் இருக்க, பகிர்வு சிறிதாய் இருந்தமையால் பலரும் பெற்றனர், எதுவும் வீணாகவில்லை.

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்க மன்னர், தம் வயிற்று நோயை மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி தீர்த்தருளினார் என்று பெருந்திருப்பணிகள் செய்தார் என்பது தலவரலாறு. ஸ்ரீவில்லிபுத்தூரிற் பூசை முடிந்த செய்தி வழிநெடுக அமைந்த மண்டபங்களின் முரசொலியால் மதுரையை எட்டிய பின்னரே அவர் உணவு கொண்டார் என்பது செவிவழி வழக்கு. நாடாளும் வேந்தனும் இறைவனுக்குப் பின்னரே உண்டான். நமக்கு முன்னுள்ள அன்னம் அவனுக்குப் படைத்ததன் எச்சம் என்னும் நினைவு இருக்குமாயின், அதனைக் குப்பையில் இட மனம் வருமா?

அண்மைக் காலத்தையும் நோக்குவோம். இராஜபாளையம் தந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்கள் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆட்சித் தலைமையில் இருந்தபோது அரிசி பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தது. 1952-இல் இராஜாஜி அவர்களே அக்கட்டுப்பாட்டை நீக்கினார். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்கள், வாரத்தில் ஒருவேளை உணவை விடுமாறு மக்களை வேண்டினார். அப்போது பந்தியில் இலையை மீதம் வைத்தெழுந்தவரை ஊர் மதிக்கவில்லை.

பின்னர் நேர்ந்தது என்ன? முன்பு பரிமாறியவர்கள் உற்றார் உறவினர். யாருக்கு எது பிடிக்கும், யார் எவ்வளவு உண்பார் என்று அறிந்த கைகள் அவை. இன்று சமையல் ஒப்பந்தம் இலைக்கணக்கில் நடக்கின்றது. ஆள் வந்து அமருமுன்பே பதார்த்தங்கள் அனைத்தும் இலையில் விழுகின்றன. ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதே அளவு. நீரிழிவு உடைய முதியவருக்கும் அதே இனிப்பு. இலை நிறையாவிடில் சம்பந்தி வீட்டார் குறை கூறுவரோ என்னும் அச்சமும் உடன்சேருகின்றது. இவ்வாறு உபசாரமாகத் தொடங்கியது ஆடம்பரமாக முடிந்தது.

நம் ஆசாரத்தில் ஒருவர் இலையில் விழுந்தது எச்சில். அதனைப் பிறர்க்கு இடலாகாது. பாத்திரத்தில் உள்ளவரை அஃது அன்னம். நூறு பேர் பசியாற்ற வல்லது. ஆகவே, எச்சில் விதியைக் கைக்கொள்ளும் நாம், அதனினும் கருத்தாகக் காக்க வேண்டியது பரிமாறும் கையின் அளவையே. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்ததனாலன்றோ இவ்வளவும் வீணாகின்றது?

கண்ணப்பர் சுவைத்துப் பார்த்த ஊனை இறைவன் ஏற்றருளினாரே என்று வினவலாம். அஃது அன்பின் மேலீட்டால் நிகழ்ந்தது. நாம் இலையில் விட்டெழுவதோ அசட்டையால். மாடு தின்னுமே என்பாரும் உளர். சமைத்த சோற்றையும் இனிப்பையும் மிகுதியாய்த் தின்ற மாடு வயிறு உப்பி, அமிலம் மிகுந்து, சில வேளை மாண்டும் போகின்றது. பசுவுக்கு நோயீதல் கோபூசை ஆகாது.

உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. உலகம் முழுவதையும் நாம் திருத்த வேண்டா. நம் வீட்டுப் பந்தியைத் திருத்துவோம். ஆள் அமர்ந்த பின்னரே பரிமாறுவோம். முதலிற் சிறிதாக இட்டு, கேட்டுக் கேட்டு இடுவோம். ‘போதும்’ என்று விருந்தினர் கைகாட்டினால் அதனை மதிப்போம். பாத்திரத்தில் எஞ்சியதை, அது சூடாறிக் கெடுமுன், பசித்தோர்க்கு அனுப்ப முன்கூட்டியே ஆள் நியமிப்போம். உண்ணுவோரும் வேண்டியதை மட்டுமே கேட்டு வாங்கி, இலையை வெறுமையாக்கி மடிப்போம்.

அர்ச்சுனாபுரத்திற் சோறின்றி மாண்ட குழந்தைகளை எண்ணி இலையின்முன் அமர்பவர் ஒரு பருக்கையையும் எறியார். மடவார்வளாகத்து எம்பெருமான் அந்நினைவை நமக்கு அருள்வாராக!

திருச்சிற்றம்பலம்.