செடான் என்னும் இடைக்காலம்: முதலமடைச் சாலையிலிருந்து ஒரு வாகன வரலாறு

கொல்லங்கோட்டிலிருந்து முதலமடை வழியாகக் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிக்குச் செல்லும் சாலையில் ஒரு மணிநேரம் நின்று, கடந்து செல்லும் சொந்த வாகனங்களை எண்ணிப் பாருங்கள். சித்தூர் வட்டத்தின் கே.எல். 70 பதிவெண்ணும் பொள்ளாச்சியின் டி.என். 41 பதிவெண்ணும் அங்கு அருகருகே ஓடும். மாநிலம் வேறாயினும் வண்டியின் உருவம் ஒன்றே: உயர்ந்த மூக்கு, நிமிர்ந்த கண்ணாடி, தரையிலிருந்து எழும்பி நிற்கும் உடல், வெட்டி நிறுத்தியது போன்ற பின்புறம். இவற்றை நாம் எஸ்யூவி என்கிறோம்; பொறியியல் நோக்கில் இவற்றுள் பெரும்பாலானவை கிராஸ்ஓவர்கள். நீண்ட டிக்கியோடு தாழ்ந்து செல்லும் செடான் தென்பட்டால், அது வாடகை வண்டியாக இருப்பதற்கான வாய்ப்பே மிகுதி.

நாடளாவிய கணக்கும் இதையே சொல்கிறது. இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் புள்ளிவிவரப்படி, 2021-22 நிதியாண்டில் பயன்பாட்டு வாகனங்கள் என்னும் பிரிவு முதன்முறையாகக் கார்களின் விற்பனையை முந்தியது. 2024-25இல் பயணியர் வாகன விற்பனையில் ஏறத்தாழ 65 விழுக்காடு அப்பிரிவினுடையது. 2024ஆம் ஆண்டில் நாட்டில் மிகுதியாக விற்ற வண்டி டாடா பஞ்ச். நாற்பது ஆண்டுகளாக மாருதியின் வண்டிகளே வகித்துவந்த இடம் அது.

இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம், 'வாங்குவோரின் ரசனை மாறிவிட்டது' என்பது. வரலாற்று மாணவருக்கு இது விளக்கமன்று. விளக்கம் வேண்டி நிற்கும் செய்தி. ரசனை எதிலிருந்து எதற்கு மாறியது, எப்போது மாறியது, அதற்கு எல்லை வகுத்தவர் யார் என்பனவே கேள்விகள். செடானிலிருந்து கிராஸ்ஓவருக்கு என்று ஒற்றைக் கோடாக இம்மாற்றத்தை வரைவது பிழை என்பது என் கருத்து. நம் சாலைகளில் உயரமான வண்டியே பழையது; தாழ்ந்த செடான் இடையில் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அரசாண்ட ஒரு விதிவிலக்கு.

முதலமடையை இதற்குச் சான்றாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற இவ்வூராட்சி, சமவெளியில் தொடங்கி மலைக்காடு வரை நீள்கிறது. பறம்பிக்குளம் இதன் எல்லைக்குள் அடங்கியது. ஆயினும் அங்குச் செல்லும் வண்டிப் பாதை தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே அமைந்திருக்கிறது. தன் ஊராட்சியின் ஒரு பகுதிக்குச் செல்ல அண்டை மாநிலத்தைச் சுற்றிவர வேண்டிய ஊர் இது. சமவெளிச் சாலைக்கு ஒரு வண்டி, மலைக்கு வேறொரு வண்டி என்ற பழைய பாகுபாடு இத்தகைய ஊர்களில்தான் தெளிவாகத் தெரியும்.

மலையின் வண்டி ஜீப்பு. இரண்டாம் உலகப்போரின் படைத்தேவைக்கென உருவான வில்லிஸ் ஜீப்பை, விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. ஏணிச் சட்டகம், நான்கு சக்கரங்களுக்கும் விசை, கழற்றி மாட்டத்தக்க எளிய உறுப்புகள் என்பன அதன் இயல்புகள். காட்டிலாகா, காவல்துறை, தோட்ட மேலாளர் ஆகியோரின் வண்டியாக அது அதிகாரத்தின் அடையாளமும் ஆயிற்று. நெல்லியாம்பதியின் கரடுமுரடான தடங்களில் இன்றும் வாடகை ஜீப்புகளே ஏறுகின்றன. தெற்கே இடுக்கி எல்லையிலும் இதே நிலைதான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பே ஊர்தி. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் விடியுமுன் நெருக்கியடித்து ஏறுவதும் ஜீப்புகளில்தான். ஆக, ஜீப்பின் உயரம் அதிகாரியின் உயரம் மட்டுமன்று. கூலிக்குச் செல்வோர் கூட்டாகப் பகிர்ந்துகொண்ட உயரமும்கூட.

சமவெளியின் வண்டி அம்பாசடர். தமிழகச் சிற்றூர்களின் முதியோர் காரைப் 'பிளசர்' என்றழைத்ததை நம்மில் பலர் கேட்டிருப்போம். சுமை ஏற்றும் லாரியிலிருந்தும் கூட்டம் ஏறும் பஸ்ஸிலிருந்தும் பிரித்துக் காட்டுவதற்காக எழுந்த 'பிளஷர் கார்' என்னும் வழக்கின் மரூஉ அது. இன்பத்துக்கான வண்டி என்று பொருள்படும் சொல் சுட்டிய ஊர்தியோ, நடைமுறையில் பிரசவத்துக்கும் திருமணத்துக்கும் பிணம் கொண்டுசெல்வதற்கும் ஓடியது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடர், 1950களின் பிற்பகுதி முதல் 2014 மே மாதம் வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாக்கப்பட்டது.

அம்பாசடரை நாம் செடான் என்று வகைப்படுத்துகிறோம். மூன்று பெட்டி வடிவம் என்ற வகையில் அது சரியே. ஆனால் அளவுகளைப் பாருங்கள். அதன் உயரம் ஏறத்தாழ 1.6 மீட்டர். இன்றைய டாடா பஞ்சின் உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. 1998இல் வந்த முதல் ஹோண்டா சிட்டியோ ஏறத்தாழ 1.4 மீட்டர்தான். வேட்டி கட்டிய முதியவர் குனியாமல் ஏறி, முழங்கால் மடங்காமல் அமரக்கூடிய இருக்கை அம்பாசடரில் இருந்தது. இன்று கிராஸ்ஓவர் வாங்குவோர் முதலில் சொல்லும் காரணமும் 'ஏறி இறங்க வசதி' என்பதே. அந்த வசதி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று, மீட்கப்பட்டது. அம்பாசடருக்கும் பஞ்சுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு உயரத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. முன்னது 4.3 மீட்டர், பின்னது 3.8 மீட்டர். அந்த அரை மீட்டர் குறைவதற்குப் பெரிதும் காரணம், மறைந்துபோன டிக்கி.

இடைக்காலம் 1990களில் தொடங்குகிறது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, நடுத்தரக் குடும்பத்துக்குச் சொந்தக் கார் என்னும் எண்ணத்தை எட்டத்தக்கதாக்கியது. தாராளமயத்துக்குப் பின் அதற்கு மேற்பட்ட படி ஒன்று தேவைப்பட்டது. அப்படியில் செடான் வைக்கப்பட்டது. 1994இல் எஸ்டீம், 1995இல் டேவூ சியலோ, 1998இல் ஹோண்டா சிட்டி, 1999இல் ஹூண்டாய் ஆக்சென்ட், ஃபோர்டு ஐகான் என்று வரிசை நீண்டது. இவற்றுள் கடைசி இரண்டும் சென்னையைச் சுற்றியுள்ள இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலைநகரிலும் உருவானவை. ஐகானின் கதை குறிப்பிடத்தக்கது. ஐரோப்பாவில் டிக்கியின்றி விற்ற ஃபியஸ்டாவின் அடித்தளத்தில், இந்தியச் சந்தையை முன்னிட்டு டிக்கி சேர்த்து உருவாக்கப்பட்ட வண்டி அது. டிக்கி இங்கு வெறும் பெட்டி வைக்கும் இடமன்று. 'சின்னக் காரிலிருந்து பெரிய காருக்கு மாறிவிட்டோம்' என்று தெருவுக்கு அறிவிக்கும் உறுப்பு.

அந்த உறுப்பை முதலில் அறுத்தது ரசனையன்று, வரிச்சட்டம். 2006-07 மத்திய நிதிநிலை அறிக்கை 'சிறிய கார்' என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும், எஞ்சின் கொள்ளளவு பெட்ரோலுக்கு 1200 சி.சி., டீசலுக்கு 1500 சி.சி. ஆகியவற்றுக்கு மிகாமலும் இருந்தால் கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறையும். 2008இல் அது 12 ஆயிற்று. நான்கு மீட்டர் என்பது இயற்கை வகுத்த எல்லையன்று. ஆனால் அன்றிலிருந்து இந்தியக் கார்களின் உடலை வரைந்த கோடு அதுவே. 2008இல் டாடா இண்டிகோ சி.எஸ். தன் டிக்கியைக் குறுக்கிக்கொண்டு அக்கோட்டுக்குள் நுழைந்தது. அவ்வாண்டில் 4 மீட்டரைக் கடந்த நீளத்தோடு வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012இல் 3,995 மில்லிமீட்டராகக் குறுகிற்று. விலை குறைந்தது, ஆனால் செடானின் கம்பீரமாகக் கருதப்பட்ட நீண்ட பின்புறம் போயிற்று.

இந்நிலையில் வடிவமைப்பாளர் முன் எழுந்த கேள்வி எளிது. நீட்ட முடியாத வண்டியைப் பெரிதாகக் காட்டுவது எவ்வாறு? உயர்த்துவதே வழி. 2013இல் அதே மறைமலைநகரிலிருந்து 3,999 மில்லிமீட்டர் நீளத்தில் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் வெளிவந்தது. 2016இல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 3,995 மில்லிமீட்டரில் வந்தது. கோட்டுக்கு வெளியிலும் அதே உருவம் பரவியது. ஒரகடத்தில் உருவான ரெனோ டஸ்டர் 2012இலும், இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் கிரெட்டா 2015இலும் வந்தன. இவற்றின் அடித்தளம் காருடையது. பெரும்பாலான வகைகளில் விசை முன்சக்கரங்களுக்கு மட்டுமே. ஜீப்பின் நிமிர்வை எடுத்துக்கொண்டு, ஜீப்பின் வேலையை விட்டுவிட்ட வண்டிகள் என்று இவற்றைச் சொல்லலாம். டிக்கி சேர்த்த ஐகானையும் டிக்கியற்ற ஈக்கோஸ்போர்ட்டையும் ஈன்ற மறைமலைநகர் ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றுபோனது. இக்காலப்பகுதியின் வரலாறு முழுவதும் அந்த ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்து முடிந்தது எனலாம்.

உயரத்தை அளந்து வரிவிதிக்கவும் அரசு முயன்றது. 2013-14 நிதிநிலை அறிக்கை எஸ்யூவிக்கான கலால் வரியை 27இலிருந்து 30 விழுக்காடாக உயர்த்தியது. வாடகை வண்டிகளுக்கு விலக்களித்தது. 4 மீட்டருக்கு மேற்பட்ட நீளம், 1500 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் ஆகியவற்றோடு தரை இடைவெளி 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்பதும் இலக்கணத்தில் சேர்ந்தது. உடனே மகிந்திரா தன் எக்ஸ்யூவி 500இன் தரை இடைவெளியை 160 மில்லிமீட்டராகக் குறைத்தது. சரக்கு சேவை வரிக் காலத்திலும் இச்சிக்கல் தொடர்ந்தது. 'எஸ்யூவி என்று பரவலாக அறியப்படுவது' என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்திருந்த மன்றம், 2023 சூலையில் அதைக் கைவிட்டு, எப்பெயரில் அழைக்கப்பட்டாலும் அளவுகளே தீர்மானிக்கும் என்று முடிவுசெய்தது. மக்கள் வழங்கும் பெயரால் வரிவிதிக்க இயலாது என்று சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் அது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விகிதங்களிலும் 4 மீட்டர்க் கோடு நிற்கிறது: கோட்டுக்கும் எஞ்சின் வரம்புக்கும் உட்பட்டவற்றுக்கு 18 விழுக்காடு, மீறியவற்றுக்கு 40.

எனினும் எல்லாவற்றையும் வரியே செய்தது என்று முடிப்பதும் எளிமைப்படுத்தலாகும். அமெரிக்காவிலும் சட்டத்தின் கைவண்ணம் உண்டு. 1975ஆம் ஆண்டின் எரிபொருள் சேமிப்புச் சட்டத்தையொட்டிச் சிறுசரக்கு வாகனங்களுக்குத் தளர்வான அளவுகோல் வகுக்கப்பட்டது. குடும்ப வண்டிகள் பல அவ்வகைக்குள் புகுந்தன. 2018இல் ஃபோர்டு நிறுவனம் வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனால் இவ்வகைச் சலுகை எதுவுமற்ற ஐரோப்பாவிலும் எஸ்யூவிகள் புதிய கார் விற்பனையில் பாதியை எட்டிவிட்டன. உயரத்தின் மீதான ஆசை சட்டத்தால் மட்டும் பிறப்பதன்று. மறுபுறம், 2018இல் இந்தியாவில் மிகுதியாக விற்ற கார் டிசையர் என்னும் செடானே. இன்றும் அது விற்பனையின் முன்வரிசையில் நிற்கிறது. எனவே நான் துணிவது இவ்வளவே: ஆசை எங்கும் இருந்தது, அது எந்த ஆண்டில், எந்த அளவில், எந்த உறுப்பை இழந்து உருப்பெற வேண்டும் என்பதைச் சட்டம் வகுத்தது.

இதில் நாம் கவலைகொள்ள வேண்டியது வேறொன்று. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, கேரளத்தில் ஏறத்தாழ 24 விழுக்காட்டுக் குடும்பங்களிடம் கார் இருக்கிறது; நாட்டின் சராசரி 7.5 மட்டுமே. சாலையின் அகலமோ பெரும்பாலும் பழையதே. ஜீப்பும் அம்பாசடரும் உயர்ந்து நின்ற காலத்தில், அவ்வுயரத்தில் பலர் பங்குபெற்றனர். வாடகைக்கு அமர்த்தினர், நெருக்கி அமர்ந்தனர், அவசரத்துக்குக் கடன்வாங்கினர். இன்றைய உயரம் தனியுடைமை. 'உயரத்தில் அமர்ந்தால் சாலை நன்றாகத் தெரிகிறது' என்கிறார் உரிமையாளர், உண்மைதான். ஆனால் எல்லா வண்டியும் உயர்ந்தபின் யாருக்கும் அந்த மேன்மை எஞ்சுவதில்லை. சாலையோரம் நடந்துசெல்லும் தோட்டத் தொழிலாளிக்கும் பள்ளிப்பிள்ளைக்கும் எதிரே வரும் முகப்பு மட்டும் சற்று மேலேறியிருக்கிறது. 2023இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, 40 அங்குலத்துக்கு மேற்பட்ட உயரமுள்ள முகப்பால் பாதசாரி உயிரிழக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த முகப்பைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் என்று கண்டது. நம் சிறிய கிராஸ்ஓவர்கள் பெரும்பாலும் அவ்வளவு உயர்ந்தவையல்ல. ஆயினும் திசை அதுவே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுகர்வின் வரலாற்றை விளம்பரங்களிலும் திரைப்படங்களிலும் மட்டும் தேடாதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவேடுகளையும், ஆண்டுதோறும் வெளிவரும் நிதிநிலை அறிக்கையின் வரி அட்டவணைகளையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். சித்தூரையும் பொள்ளாச்சியையும் ஒப்பிட்டால், ஒரே மத்திய வரியின்கீழ் இரு மாநிலங்களின் ஊதியமும் சாலையும் வெளிநாட்டுப் பணவரவும் வண்டித் தேர்வை எவ்வாறு வேறுபடுத்தின என்று காணலாம். அப்பதிவேடுகளை வாடகை வண்டி, சொந்த வண்டி என்று பிரித்து அடுக்கினால் இன்னொரு தலைகீழ் மாற்றமும் புலப்படக்கூடும். ஒருகாலத்தில் வாடகை ஜீப்பில் மலையேறிய குடும்பம், வீட்டில் செடான் நிற்பதைப் பெருமையாகக் கருதியது. இன்று ஜீப்பின் சாயலுடைய வண்டி வீட்டில் நிற்கிறது; செடானோ வாடகைக்கு ஓடுகிறது. எஸ்டேட் பாதையில் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் பழைய ஜீப்பு மட்டும் இந்த ரசனை மாற்றம் எதிலும் கணக்கில் வராமல், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.