பான்டயட்டோனிசிசம்: ஒரு பெயரின் பூர்வீகம்

நானுஓயாப் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர்களின் விரல்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஒரு கட்டையில் சுருதி வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொட்டால் சங்கராபரணம்; அதே வெள்ளைக் கட்டைகளில் 'இரண்டு கட்டை' சுருதியை ஸட்ஜமாக்கினால் கரகரப்பிரியா. இந்த ஏழு சுர அமைப்பை மேற்கில் 'டயட்டோனிக்' என்பார்கள். அதன் முன்னால் ஓர் ஒட்டுச் சேர்ந்து, ஓர் இசையமைப்பு உத்திக்கு வந்த பெயர்தான் பான்டயட்டோனிசிசம்.

'டயட்டோனிக்' கிரேக்க வழிச் சொல். 'டியா' என்றால் ஊடாக. 'டோனோஸ்' என்றால் இழுத்துக் கட்டிய விறைப்பு. அதிலிருந்து சுரம் என்ற பொருளும் வந்தது. பழந்தமிழும் இந்த வழியில்தான் போயிருக்கிறது. யாழில் கட்டிய தந்திக்கும் நரம்பு என்று பெயர், அதில் எழும் சுரத்துக்கும் நரம்பு என்றே பெயர்.

'பான்' என்பதும் கிரேக்கம்தான். 'எல்லாம்' என்று பொருள். நம் 'பண்' காதுக்கு அருகில் ஒலித்தாலும் உறவில்லாத சொல். இந்த ஒட்டைச் சேர்த்துப் பெயரிட்டவர், ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி. 1937இல் முதலில் வெளிவந்த 'மியூசிக் சின்ஸ் 1900' அவருடைய நூல்.

புதுப்பெயர் ஏன் வேண்டியிருந்தது? பழைய மேற்கத்திய ஒத்திசையில் சுரங்களுக்குக் கடமைகள் உண்டு. நிஷாதம் ஸட்ஜத்துக்கு ஏற வேண்டும். மத்திமம் காந்தாரத்துக்கு இறங்க வேண்டும். 1920களில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் கொடுத்து அந்த ஒழுங்கைக் கடந்தார். இசையமைப்பாளர்களான ஸ்ட்ராவின்ஸ்கியும் கோப்லண்டும் ஏழுக்குள்ளேயே நின்று கடமைகளைத் தளர்த்தினார்கள். இந்த உத்திக்குத்தான் அந்தப் புதுப்பெயர். நிஷாதம், மத்திமம், ரிஷபம் எல்லாம் சேர்ந்து ஒலித்து அப்படியே நிற்கலாம். கோப்லண்டின் 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' (1944) கேட்டால் அந்த அகலமும் தெளிவும் புரியும்.

1947இல் ஸ்லோனிம்ஸ்கி சுர வரிசைகளுக்கென ஒரு களஞ்சியம் வெளியிட்டார். அதே ஆண்டில் நம் காரைதீவு விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூல்' வந்தது. குரல் முதல் தாரம் வரையான ஏழு நரம்பில் தொடக்கத்தை மாற்றினால் 'பாலை' என்னும் சுர வரிசைகள் பிறப்பதை அது ஆராய்கிறது. தொடக்கம் எதுவாகவும் இருக்கலாம் என்பது நமக்குப் பழைய அறிவு. ஏழும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கலாம் என்பதே மேற்கு சேர்த்த புதுமை.

இந்த உத்தியைச் 'சுதந்திரம்' என்றே விளக்குவது வழக்கம். பெயருக்குள் அந்தப் பொருள் கிடையாது. 'எல்லாம்' என்பதே இருக்கிறது. ஒரு சுரம் இன்னொன்றுக்கு ஏவல் செய்யாமல் ஏழும் சமமாக நிற்பதால் வரும் சுதந்திரம் அது. ஆகவே தமிழில் இதை 'ஏழிசைப் பொதுமை' என்று வழங்கலாம் என்பது என் துணிபு.